டர்போவுக்கு முன்னால் கிளட்ச்

வண்டி 2002 மாடல் சுபாரு இம்ப்ரேசா டபிள்யூஆர்எக்ஸ். இஜே205 எஞ்சின், 1994 சிசி, கம்ப்ரஷன் 8:1, கூடவே வந்த டிடி04 டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி). நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் டாகோமீட்டர் முள் விறுவிறுவென்று ஏறும், வேகம் ஏறாது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும். இந்த வண்டியில் கியர்பாக்ஸை இறக்க இன்டர்கூலரையும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) டவுன்பைப்பையும் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாய்) எப்படியும் கழற்றியாக வேண்டும். அதாவது டர்போ மாற்றும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். அந்தச் சாக்கில் கிளட்ச், டர்போ இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

டர்போ வாங்கும்போது எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள். கிளட்சுக்கு அது தெரியாது, டார்க் (சுழற்றும் விசை) மட்டும்தான் தெரியும். டிஸ்க்கை ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) சேர்த்துப் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, டிஸ்க்கின் சராசரி ஆரம், உராயும் இரண்டு முகங்கள்: இந்த நான்கையும் பெருக்கினால் வருவதுதான் அது தாங்கும் டார்க். 230 மிமீ டிஸ்க்கைப் பெரிதாக்க இடமில்லை. விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும், ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க்ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அந்தச் சுமையை வாங்கும். செராமிக் துண்டுகள் பதித்த டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நெரிசலில் வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் நகரும். தினமும் ஓட்டும் காருக்கு அது தண்டனை. எனவே ஆர்கானிக் டிஸ்க் (இழைகளும் பிசினும் சேர்ந்த வழக்கமான வகை), கொஞ்சம் இறுக்கம் கூடிய பிரஷர் பிளேட் என்று நிறுத்திக்கொண்டேன்.

இந்த கிளட்ச் தாங்கும் அளவுக்கு ஏற்றபடிதான் டர்போவைத் தேடினேன். எடுத்தது ஐஹெச்ஐ விஎஃப்39. 2004இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த எஸ்டிஐயில் (இம்ப்ரேசாவின் இன்னும் வேகமான வகை) 2.5 லிட்டர் எஞ்சினோடு இருந்தது. 2.0 லிட்டரில் இது தாமதமாகத்தான் விழிக்கும். அந்தத் தாமதம் எனக்குச் சாதகம். ஐந்து கியர் பெட்டியின் பற்களை உடைப்பது கீழ் ஆர்பிஎம்மில் திடீரென்று வந்து அடிக்கும் டார்க்தான். அதே சக்தி மேலே, மெதுவாக ஏறி வந்தால் கிளட்சும் கியரும் பிழைக்கும்.

இனி கியர்பாக்ஸ். இதில் இருப்பது இழுக்கும் வகைக் கிளட்ச். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் பெட்டியைப் பின்னால் இழுத்தால் ஓரளவு வந்து நின்றுவிடும். பக்கவாட்டில் உள்ள மூடியை 10 மிமீ ஆலன் கீயால் திறந்து, உள்ளே ஃபோர்க்கை (அந்த பேரிங்கை நகர்த்தும் கவை) தாங்கும் சிறு ஷாஃப்டில் ஒரு எம்6 போல்ட்டை முறுக்கி வெளியே இழுக்க வேண்டும். ஃபோர்க் தளர்ந்து பேரிங்கை விட்டுவிடும். பிறகு பெட்டி தானாகவே வழிவிடும். திரும்ப மாட்டும்போது ஃபோர்க்கை இழுத்தால் பேரிங் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்காமல் போல்ட் எதையும் இறுக்கக் கூடாது.

ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. தேய்ந்து படி தட்டினால் புதுக் கிளட்சும் சிக்கிச் சிக்கித்தான் வேலை செய்யும். இன்புட் ஷாஃப்டின் (எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் கேள்வியே இல்லாமல் புதியது. எஞ்சினின் பின் சீலில் எண்ணெய்க் கசிவு இல்லாததால் அதைத் தொடவில்லை. ஃப்ளைவீலின் எட்டு போல்ட்களும் குறுக்கும் நெடுக்குமாக, 72 நியூட்டன் மீட்டர். பிரஷர் பிளேட்டுக்கு 16 போதும். கை வேகத்தில் அதைத் தாண்டிவிடுவது சுலபம். இன்புட் ஷாஃப்டின் பற்களில் மெல்லிய பூச்சாகத்தான் கிரீஸ். வழிந்தால் டிஸ்க்கில்தான் போய்ச் சேரும். பெட்டி நேராக உட்காராதபோது போல்ட்டை முறுக்கி இழுத்து ஒட்டவைக்க நினைப்பவர்கள் டிஸ்க்கின் ஹப்பை வளைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

டர்போ இதைவிட எளிது, எஞ்சினின் மேலேயே இருக்கிறது. துருப்பிடித்த ஸ்டட்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். ஊறும் எண்ணெயை அடித்து, எஞ்சினைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி அடித்தால் ஒழிய அசையாது. அமெரிக்க டபிள்யூஆர்எக்ஸில் அப்பைப்புக்குள்ளேயே (எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்) ஒரு சிறு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிப்பது) உண்டு. அதன் தேன்கூடு உடைந்தால் நேராக டர்பைன் இறக்கைக்குள் போகும். புது டர்போ போடுகிற வண்டியில் அதை எட்டிப் பார்க்காமல் மூடுவது வீண் துணிச்சல்.

எண்ணெய்க் குழாயைச் சுத்தம் செய்து, டர்போவில் எண்ணெய் நுழையும் துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டினேன். டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் வந்து சேரும் முன்னால் எஞ்சின் கிளம்பி ஓடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனையும்.

இப்போது பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் கொடுக்கும் அளவிலேயே இருக்கிறது. கிளட்ச் பழக வேண்டும்: 800 கிலோமீட்டர், நகருக்குள், அடிக்கடி நின்று கிளம்புகிற ஓட்டம், முழு மிதி கிடையாது. பெடல் கடிக்கும் இடம் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது, குலுக்கல் இல்லை. விஎஃப்39 கேட்கும் அளவுக்கு எரிபொருள் ஊட்டப் பழைய இன்ஜெக்டர்களால் முடியாது. பெரிய இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், அதன்பின் ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) மேப்பிங். பூஸ்டைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான்.