மண்டியில் கை நீட்டாத பட்டம்

மத்திய அரசு விவசாயிகள் கணக்கில் போடும் பிஎம் கிசான் பணம், 2000 வீதம் மூன்று தவணையாக வருஷத்துக்கு 6000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 500. "இதை வைத்துக்கொண்டு ஒரு குடியானவன் என்னத்தைக் கிழிக்க முடியும்?" என்று சித்தப்பா கேட்பார். பிஎம் கிசான் பணம் ஏறியதாகப் போனில் மெசேஜ் வரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் என் கையில் அந்தப் பணம் பார்த்த வேலை வேறு.

எங்கள் நிலம் நெல்லிக்குப்பம் பக்கம், தென்பெண்ணைக் கரையை ஒட்டி இருக்கிறது. அரை காணி. எங்கள் ஊர்களில் இன்னும் காணிக் கணக்குதான் ஓடுகிறது. ஒரு காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட். ஆக எனக்கு 66 சென்ட். சுற்றிலும் ஆலைக்குப் போகும் கரும்பு, நடுவில் எங்கள் துண்டு. போர்வெல் சித்தப்பாவோடு கூட்டு. முப்பது சென்ட் அளவுக்கு வெண்டை, மீதியில் சம்பா, சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து. அப்பா காலத்திலிருந்து இதே முறை.

அப்பா 2022ல் தவறியபோது நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று ஷிப்ட், கேன்டீன் சாப்பாடு, பிடித்தம் போகக் கையில் பன்னிரண்டாயிரம். அதை விட்டுவிட்டு வந்ததற்குப் பெரிய லட்சியமெல்லாம் காரணமில்லை. வெண்டை வயலில் நின்றது, பறிக்க அம்மாவைத் தவிர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வந்த பிறகுதான் அப்பா எப்படி விவசாயம் பண்ணினார் என்பது புரிந்தது. ஒவ்வொரு பட்டத்துக்கும், அதாவது விதைப்புப் பருவத்துக்கும், முன்னால் காய்கறி மண்டிக்குப் போய் பத்தாயிரம் முன்பணம் வாங்குவார். விதை, உழவு, அடியுரம், மருந்து எல்லாம் அதிலிருந்துதான். நான் முதல்முறை போனபோது மண்டிக்காரர் நன்றாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். "அப்பாவுக்குக் கொடுத்த மாதிரியே உனக்கும் தர்றேன் தம்பி. வட்டி ஒரு பைசா வேண்டாம். காய் மட்டும் வேற எங்கேயும் போகக் கூடாது."

அந்தக் கடைசி வரியில்தான் வட்டி இருக்கிறது. வெண்டை பறிப்பவர்களுக்குத் தெரியும், ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் காய் முற்றிவிடும். முனையை விரலால் வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் நாராக மடங்கினால் மாட்டுக்குத்தான். சுணை கையை அரித்து எடுக்கும். பழைய சாக்ஸில் விரல் நுனியை வெட்டிவிட்டு இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, இருட்டு விலகுவதற்குள் வரிசையில் இறங்கிவிட வேண்டும். இத்தனையும் பண்ணி மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு வந்தால், விலை சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டில் வரும். நாம் கேட்கிற விலை என்ற பேச்சே கிடையாது.

ஒரு நாள் சீட்டை அப்படியே சொல்கிறேன். 40 கிலோ, கிலோ 20 என்று போட்டால் 800. அதில் கழிவு என்று 2 கிலோ, 40 ரூபாய் போச்சு. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 80. இறக்குகூலி, சாக்கு, சாமிக்காசு என்று ஒரு 30. கைக்கு வருவது 650. அதிலும் பாதியை முன்பணத்துக்கு வரவு வைத்துவிட்டு மீதியைத்தான் தருவார்கள். அதே நாள் கடலூர் உழவர் சந்தைப் பலகையில் வெண்டை 26. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வாங்கின காசு மண்டியில் நிற்கிறதே.

என் பெயருக்குப் பட்டா மாறி, பிஎம் கிசானில் பதிவாக நாளானது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தால் அந்தத் திட்டத்தில் கிடையாது. வாரிசாக வந்தால் மட்டும் உண்டு. அதற்கான காகிதங்கள், ஆதார் இணைப்பு, இ-கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு என்று ஒரு பெரிய சுற்று. இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழைய கறையும் உண்டு. 2020ல் நிலமே இல்லாதவர்களையெல்லாம் விவசாயி என்று சேர்த்துப் பணம் எடுத்த கூத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றும் பெயரெடுத்தன. அதற்குப் பிறகு நிஜமான விவசாயியையும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும்.

முதலில் வந்த தவணைகள் எங்கே போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்று மோட்டார் காயில் கட்டியதற்குப் போனது என்று நினைவு. கதை மாறியது 2024 ஜூன் தவணையில். அது ஆனி மாதம் வந்தது. ஆடிப்பட்டத்துக்கு நிலத்தைத் தயார் பண்ணும் நேரம்.

2000 ரூபாய்க்கு என்ன வரும்? டிஏபி உரம் மூட்டை 1350. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, இரண்டு மூட்டை 533. மொத்தம் 1883. மீதி 117 ரூபாயில் பஸ்ஸுக்கும் டீக்கும் போக ஏதாவது மிஞ்சும். உரக்கடைக்காரர் கூடவே ஒரு நானோ யூரியா பாட்டிலைத் தலையில் கட்டாமல் இருந்தால்.

விதைக்கும் உழவுக்கும் அம்மா கொடுத்தார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து மாதம் 1000 அவர் கணக்கில் வருகிறது. அதில் பாதிக்கு மேல் மளிகைக்குப் போய்விடும். மீதியை எடுக்காமலே விட்டு வைத்திருந்தார். பாஸ்புக்கை என்னிடம் காட்டியதே இல்லை. "மண்டிக்குப் போகாம பட்டம் போட முடியுமான்னு பாரு, பத்தலைன்னா நான் தரேன்" என்று அவராகச் சொன்ன பிறகுதான் அப்படி ஒரு சேமிப்பு இருப்பதே எனக்குத் தெரியும். அந்த முப்பது சென்ட்டுக்கு விதை, டிராக்டர், அடியுரம் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. அப்பா ஏன் பத்தாயிரம் வாங்கினார் என்றால், அடுப்புக்கும் அதிலிருந்துதான் போயிருக்கிறது. அடுப்புக்கு இப்போது வேறு வழி இருந்தது.

அந்தப் பட்டம் மண்டியில் கை நீட்டவில்லை. வேறெதுவும் மாறவில்லை; அதே நிலம், அதே விதை ரகம், வெள்ளை ஈயும் மஞ்சள் தேமலும் வழக்கம்போல வந்து ஓர் ஓரத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயின. காய் எடை கூடவில்லை. விற்ற இடம் மட்டும் மாறியது. தோட்டக்கலை அலுவலர் வயலைப் பார்த்து எழுதிக் கொடுத்தார், உழவர் சந்தை அடையாள அட்டை கிடைத்தது. அங்கே கமிஷன் கிடையாது, கழிவு கிடையாது, தராசு அவர்களே தருகிறார்கள். விடியும் முன் நான் பைக்கில் மூட்டையையும் அம்மாவையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்புவேன். அம்மா உட்கார்ந்து விற்பார். 40 கிலோ, கிலோ 26, 1040. பெட்ரோல் ஒரு 60. முன்பு சொன்ன 650ஐ இதோடு வைத்துப் பாருங்கள். 330 ரூபாய் வித்தியாசம், ஒன்றுவிட்டு ஒரு நாள், பறிப்பு ஓயும் வரை. எல்லா நாளும் 40 கிலோ வராது, சில நாள் காய் தேங்கிக் கடைசியில் பத்து ரூபாய்க்கும் தள்ளியிருக்கிறோம். அப்படியும் அந்தப் பட்டத்தில் எங்களுக்கு நின்ற பணம் அதற்கு முந்தைய பட்டத்தைவிட இரண்டு பங்கு.

2000 ரூபாய் இரண்டு பங்கு லாபம் தந்தது என்று இதை யாராவது படித்துவிட்டு எழுதினால் அது பொய். அந்தப் பணம் எனக்கு வாங்கித் தந்தது 'வேண்டாம்ணே, இந்தத் தடவை முன்பணம் வேண்டாம்' என்று சொல்கிற தைரியம். சந்தை பக்கத்தில் இருந்தது, அம்மா உட்கார்ந்தார், போரில் தண்ணீர் இருந்தது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த 2000 உரக்கடையோடு முடிந்திருக்கும்.

உளுந்திலும் இதேதான். களத்தில் மூட்டை கட்டும்போதே வியாபாரி வந்து நிற்பார், எல்லாரும் ஒரே வாரத்தில் அறுப்பதால் விலை அப்போது அடிமட்டம். கையில் மாதச் செலவுக்கு இருந்தால் காயவைத்து ஒரு மாதம் வீட்டில் போட்டு வைக்கலாம். இல்லாதவன் களத்திலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

காசாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தான் போகும் என்பது சித்தப்பாவின் அடுத்த வாதம். அவர் மட்டுமா, பேன்ட் போட்டவர்களும் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012 வாக்கில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் சில கிராமங்களில் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பெரியவர்களுக்கு 200, பிள்ளைகளுக்கு 100. அப்புறம் 300, 150. அங்கே சிறு விவசாயிகள் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், விதைக்கும் உரத்துக்கும் ஆடு மாட்டுக்கும் செலவழித்தார்கள். கென்யாவிலும் ஒரு அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்குப் போன் வழியே பணம் கொடுத்தது. ஆராய்ந்தவர்கள் பார்த்தபோது ஆடுமாடும் தகரக் கூரையும் கூடியிருந்தன, சாராயச் செலவு கூடவில்லை. இதைச் சொன்னால் சித்தப்பா "அது கென்யா" என்கிறார். மத்தியப் பிரதேசத்துக்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்குக் காசாக வருவது பிடிப்பதற்குக் காரணம் வேறு. மானியப் பொருளாக வரும்போது எனக்கு என்ன வேண்டும் என்பதை யாரோ முடிவு பண்ணியிருப்பார்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு கைத்தெளிப்பான் அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது நூறடி ஹோஸ்.

பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கியது. சம்பா, ஓய்ந்துகொண்டிருந்த வெண்டை எல்லாம் தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்தபோது வரப்பே தெரியவில்லை, நல்ல வழுவழுப்பான சேறு. தமிழக அரசு குடும்பத்துக்கு 2000 கொடுத்தது. ஆற்றுக்கு அக்கரையில் கொஞ்ச தூரம் போனால் பாகூர், புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே எங்கள் அத்தைக்கு ரேஷன் அட்டைக்கு 5000. மழை ஒன்று, ஆறு ஒன்று. போனில் அத்தை தொகையை இரண்டு தடவை சொன்னார்.

பயிருக்கு இங்கே ஹெக்டேருக்கு 17,000, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்றால். அக்கரையில் 30,000. ஹெக்டேர் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். என் 66 சென்ட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். ஆனாலும் அந்தக் குடும்பத் தொகை 2000 சீக்கிரம் வந்ததால் சேற்றை ஓட்டி உளுந்தாவது தெளிக்க முடிந்தது. பயிர்ப் பணம் அப்புறம் வந்தது. அது கடனுக்குப் போனது. 4500ஐவிட 2000 அதிகம் வேலை பார்த்தது என்றால் சித்தப்பா என்ன சொல்லுவாரோ, இன்னும் சொல்லவில்லை. 2019ல் 6000 என்று ஆரம்பித்தது இன்றும் 6000தான் என்பதில் மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி.

எனக்கு அடுத்த வயலில் ஓர் அக்கா குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். என்னைவிட நல்ல விவசாயி, அவர் கத்தரி நாற்றுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும். பட்டா வேறொருவர் பெயரில் என்பதால் பிஎம் கிசான் கிடையாது. நிலத்துக்காரருக்குத்தான் வருகிறது, அவர் சென்னையில் இருக்கிறார். அக்கா இன்றும் மண்டிதான், இன்றும் துண்டுச் சீட்டுதான். ஒடிசாவில் 2018 கடைசியில் காலியா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், அதில் குத்தகைதாரரையும் சேர்த்தார்கள், நிலமே இல்லாத குடும்பத்துக்கு ஆடு, கோழி, காளான் மாதிரி தொழிலுக்கு 12,500 என்று வைத்தார்கள் என்று அவரிடம் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன்.

"பன்னிரண்டாயிரத்து ஐந்நூறா?" என்றார். "நெல்லு விளையற இடத்துல நான் ஏன் கோழி வளர்க்கப் போறேன். ரெண்டு பொட்ட ஆடு, ஒரு கெடாக்குட்டி. கொட்டாய்க்குத் தகரம் உங்க வீட்டுப் பின்னாடி பழசு சாத்தியிருக்குல்ல தம்பி, அதைக் கொடுத்துடு."