ஆந்தையும் ஆமையும்

ஏதென்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் அக்ரோபோலிஸ் ஏறி, வெயிலுக்கு அஞ்சி இறங்கிவிடுகிறார்கள். பனெபிஸ்டிமியூ சாலையில் இருக்கும் நாணயவியல் அருங்காட்சியகத்தில் அன்று கூட்டமே இல்லை. டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமன் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை அது, 1880இல் முடிந்தது. தரையில் மொசைக், கூரையில் ஓவியம். காசைக் குனிந்து பார்ப்பதா, கூரையை அண்ணாந்து பார்ப்பதா என்று கழுத்துதான் திண்டாடியது.

காசு அச்சடிக்கும் வழக்கம் ஏஜியன் கடலின் எதிர்க்கரையில், இன்றைய துருக்கியின் மேற்கே, லிடியாவிலும் அதை ஒட்டிய கிரேக்க நகரங்களிலும் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் பிறந்தது. தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம் துண்டு. ஒரு பக்கம் சிங்கத்தலை போன்ற உருவம், மறுபக்கம் உளி குத்திய பள்ளம், அவ்வளவுதான். மேயும் மான் பொறித்த ஒரு காசு மட்டும் வாய் திறந்து பேசுகிறது: ‘நான் ஃபானெஸின் அடையாளம்’. இந்தத் துண்டுக்கு இன்னார் பொறுப்பு என்று சொல்லத்தான் படம்.

இக்கரையின் கிரேக்க நகரங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை, ஏஜினா தீவுக்குக் கடலாமை, ஏதென்ஸுக்கு ஆந்தை. அலறினால் அபசகுனம் என்று நாம் விரட்டும் பறவை அங்கே அறிவுக் கடவுளான ஏதெனாவின் துணை. டிராக்மா என்பது அன்றைய கிரேக்கப் பண அலகு; நான்கு டிராக்மா வெள்ளிக் காசு 17 கிராமுக்குச் சற்று மேல். உடல் பக்கவாட்டில் இருக்க, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி முறைக்கிறது ஆந்தை. அருகில் ஒலிவத் தளிரும் பிறையும்.

முன்பக்கத்து ஏதெனா முகத்தில்தான் எனக்கு வியப்பு. பக்கவாட்டு முகத்தில் நேர்ப்பார்வைக் கண்ணும் இதழோரப் பழங்காலப் புன்னகையும். அக்ரோபோலிஸ் மேலுள்ள பார்த்தீனான் கோயிலுக்குச் சிலை வடித்த அதே ஊர், அதே தலைமுறை, இந்தப் பழம்பாணி முகத்தைத் திருத்தவில்லை. திறமைக்கா பஞ்சம்? எகிப்து வரை வணிகர்கள் இந்த முகத்தைப் பார்த்துத்தான் வெள்ளியை வாங்கினார்கள். மாற்றினால் சந்தேகம் வரும். அப்படியும் நம்பாதவர்கள் உண்டு. உள்ளே செம்பு இருக்குமோ என்று வெட்டிப் பார்த்த தழும்புடன் பல ஆந்தைகள் கிடைத்திருக்கின்றன.

மறுநாள் பைரியஸ் துறைமுகத்தில் ஏஜினாவுக்குப் படகு ஏறினேன். வலப்பக்கம் சலாமிஸ் தீவு தெரிகிறது. கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி கொட்டியபோது, ஆளுக்கு 10 டிராக்மா பங்கு போடலாம் என்றுதான் ஏதென்ஸ் மக்கள் எண்ணினார்கள். ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் தடுத்து, கப்பல் கட்டச் சொன்னார். அதற்கு அவர் காட்டிய காரணம் ஏஜினாவுடன் நடந்த போர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கட்டிய கப்பல்கள் கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகர்களை முறியடித்தன. பின்னர் ஏஜினாவும் பணிந்தது, கி.மு. 431இல் தீவு மக்களையே ஏதென்ஸ் வெளியேற்றியது.

ஏஜினா துறைமுகத்தில் பிஸ்தாக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. விலை கொஞ்சம் கடுமை, சுவைக்குக் கொடுக்கலாம். கிரேக்கத்தின் 1 யூரோ காசில் அந்தப் பழைய ஆந்தைதான் இருக்கிறது. ஆமைத் தீவில் ஆந்தையைக் கொடுத்துப் பிஸ்தா வாங்கினேன்.

கொலோனா மேட்டில் அப்போலோ கோயிலின் ஒற்றைத் தூண் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்தத் தீவின் ஆமைக் காசு ஏஜியன் கடலெங்கும் செல்லுபடியானது. பிற்காலக் காசுகளில் கடலாமை போய் நில ஆமை வந்தது. கடலாதிக்கம் பறிபோனதன் அடையாளம் அது என்பார்கள். அழகான விளக்கம்தான், எனக்கு முழு நம்பிக்கையில்லை. ஓட்டின் கட்டங்களை அத்தனை துல்லியமாகச் செதுக்கியிருந்தும் அந்த நில ஆமை என் மனதில் ஒட்டவில்லை. முதுகின் நடுவே புள்ளி வரிசையும் துடுப்புக் கால்களுமாக இருந்த பழைய கடலாமைக்கே என் ஓட்டு.