அறுபது கோடி டாலரும் ஒரு புயலும்

ஜூன் 7, சனி

‘தி ஹரிகேன் ஹைஸ்ட்’ ப்ளூ-ரே இன்றைக்குத்தான் பிளேயருக்குள் போனது. 2018 படம். ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ எடுத்த ராப் கோஹன் இயக்கம் என்பதால், லாரி பறக்கும், யாரும் ரொம்ப யோசிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். ஐந்தாம் வகைப் புயல் கரையைக் கடக்கிறது, ஊரே காலி. அந்த நேரம் பார்த்து, அரைத்து அழிப்பதற்காகக் கருவூலத்தில் வைத்திருக்கும் 60 கோடி டாலர் பழைய நோட்டுகளை அடிக்க ஒரு கும்பல் வருகிறது. தடுக்க ஒரு வானிலை ஆய்வாளர், அவருடைய அண்ணன், ஒரு கருவூல அதிகாரி. அவ்வளவுதான் கதை.

1992 ஆண்ட்ரூ புயலில் தொடங்குகிறது. அந்த ஆய்வாளரும் அண்ணனும் அப்போது சின்னப் பையன்கள், அவர்கள் கண்ணெதிரே அப்பா சாகிறார். மேகத்தில் மண்டை ஓடு தெரிகிறது. “அண்ணா, அது நிஜமாவே மண்டை ஓடா?” என்றான் பக்கத்தில் இருந்த என் தம்பி. ரீவைண்ட் பண்ணிப் பார்த்தோம். மண்டை ஓடேதான்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் ஒரு கணக்கு. டாலர் தாள் எதுவானாலும் ஏறக்குறைய 1 கிராம். எல்லாமே நூறு டாலர் தாள் என்று வைத்தாலும் 60 லட்சம் தாள், அதாவது 6 டன். இருபது டாலர் தாளாக இருந்தால் 30 டன். லாரி லாரியாகக் கொண்டுவந்த திருடர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படத்திலேயே கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கல்ஃப்போர்ட் நிஜத்தில் மிசிசிப்பியில் இருக்கிறது. படத்தில் அலபாமா. புயல் தூக்கிப் போட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததோ பல்கேரியாவில்!

ஜூன் 10, செவ்வாய்

வேலை முடிந்து வந்து வீல் கப் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். நாயகன் கையில் துப்பாக்கி இல்லை. எதிரே ஆயுதத்தோடு அடியாட்கள். ஆள் வீல் கப்பை எடுத்துக் காற்றில் விடுகிறார், மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. காதில் பூ சுற்றுகிறார்கள்தான், ஆனால் சும்மா சொல்லக் கூடாது, படத்தின் மிகச் சிறந்த நிமிடம் அது. காற்றைக் கேமராவில் பிடிக்க முடியாது. அது எதைத் தூக்கி யார் மேல் எறிகிறது என்பதைத்தான் காட்ட முடியும். இங்கே அதைச் செய்கிறார்கள். மற்ற இடங்களில் இரண்டு தரப்பும் மறைந்து நின்று சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், புயல் பின்னணி இரைச்சலாகிவிடுகிறது. எனக்குக் கொட்டாவி வந்தது அங்கேதான். லாஜிக் இல்லாததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புயலைக் கூப்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார வைத்ததுதான் கடுப்பு.

மால் காட்சி வேறு ரகம். கண்ணாடிக் கூரை உடைந்ததும் உள்ளே இருப்பவர்களைக் காற்றழுத்தம் மேலே உறிஞ்சிக்கொண்டு போகிறது. கடல் மட்டத்தில் சாதாரண அழுத்தம் 1,013 மில்லிபார். பெரிய புயலின் நடுவே அது 100 மில்லிபார் குறைந்தாலும், சுமார் 900 மீட்டர் மலை ஏறினால் ஏற்படும் வித்தியாசம்தான். காது அடைக்கும், ஆள் பறக்க மாட்டான். கூரையைப் பிய்ப்பது மேலே ஓடும் காற்றின் வேகம்.

டிஸ்க்கில் பார்த்ததற்கு ஒரு பலன் உண்டு. வீடியோவைச் சுருக்கிப் பதிவதற்கு மழைதான் எமன்: ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், முந்தைய ஃபிரேமை வைத்து ஒப்பேற்ற முடியாது. ஸ்ட்ரீமிங்கில் இணையம் கொஞ்சம் திணறினால் மழை கட்டம் கட்டமாகக் குழம்பிப்போகும். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. துளி துளியாகவே நிற்கிறது. இப்படியொரு படத்துக்கு இது தேவையா என்றான் தம்பி. இப்படியொரு படத்துக்குத்தான் தேவை.

ஜூன் 14, சனி

இன்றைக்கு அதன் பெரியப்பா முறை: ‘ஹார்ட் ரெயின்’, 1998. மோர்கன் ஃப்ரீமன், கிறிஸ்டியன் ஸ்லேட்டர். இண்டியானாவில் ஓர் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருக்க, பணம் ஏற்றிய கவச வண்டிக்கு அடிதடி. இங்கே கொள்ளைப் பணம் 30 லட்சம் டாலர்தான், படம் அதைவிடப் பல மடங்கு இறுக்கம். பள்ளிக்கூட நடைவழியில் ஜெட் ஸ்கீ ஓட்டுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம், அதுவும் பிடித்தது. தண்ணீருக்கு மட்டம் இருக்கிறது என்பதுதான் இதன் பலம். நடிகை மினி டிரைவரை மாடிப்படிக் கம்பியோடு விலங்கு போட்டுவிடுகிறார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. தம்பி போனைக் கீழே வைத்தது அப்போதுதான்.