கேட்டால் சொல்வேன் என்றவரிடம்

பதிப்பாசிரியராக நான் தயாரித்த சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தபோது எழுத்தாளர் குறிப்புகளில் ஒன்று மட்டும் நிரம்பாமல் இருந்தது. மற்றவர்கள் ஊர், வேலை, வெளியான நூல்கள், வாங்கிய பரிசு என்று நான்கைந்து வரிகள் அனுப்பியிருந்தார்கள். இவர் ஒரு புனைபெயரை மட்டும் அனுப்பிவிட்டு, குறிப்பு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். பிறந்த ஊரையாவது போடலாமா என்று கேட்டதற்கும் பெயரே போதும் என்றுதான் பதில் வந்தது. வேறு கதையாக இருந்திருந்தால் அதை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். புனைபெயர் தமிழில் புதிதல்ல. எங்கள் பட்டியலிலேயே சொந்தப் பெயர் இன்னதென்று எனக்கும் தெரியாத எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். இந்தக் கதைக்கு மட்டும் எழுதியவர் யார் என்ற கேள்வி எல்லோருக்கும் எழுந்தது, எனக்கும் சேர்த்து.

அந்தக் கதையில் வரும் நகரத்தின் பாதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. மிஞ்சியிருக்கும் மேட்டுப்பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு வாசலிலும் நடையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் எந்திரம் நிற்கிறது. கைரேகையும் முகமும் ஒத்துப்போனாலும் பதிவில் இருக்கும் நடை ஒத்துப்போகாவிட்டால் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் குடிநீர்ப் பங்கு கிடைக்காது. மையப் பாத்திரம் ஒரு திருநங்கை. வீட்டை விட்டுப் போய், தன் பெயரில், தன் உடையில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அதற்குள் அவளுடைய நடை மாறியிருக்கிறது. அவள் அதைத் திட்டமிட்டு மாற்றிக்கொள்ளவில்லை. தோளின் இறுக்கம் தளர்ந்ததும் நடையும் தன்னால் மாறிவிட்டது என்று கதை சொல்கிறது. எந்திரத்திடம் இருப்பதோ பழைய நடை. மொட்டைமாடியில் இரவு நேரத்தில் அவளுடைய அக்கா அந்தப் பழைய நடையை அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். "நீ முன்ன எப்படி நடப்பேன்னு உன்னைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு, இடது காலைச் சற்று அகட்டி வைத்து, கைகளை உடம்போடு ஒட்டி, தலையைக் குனிந்தபடி தங்கைக்கு முன்னால் நடந்து காட்டுகிறாள். பல ஆண்டுகளாகக் கதைகளைத் திருத்தி வருகிற எனக்கு, ஒரு பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றது அபூர்வமான அனுபவம்.

எங்களுக்காகக் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் தோழர் ஒருவர் இருக்கிறார். கவிஞர், திருநங்கை. எங்கள் நூல்களில் தன் சமூகத்தைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் அவர் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவது என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவளே நான்தான். அவருக்கு இந்தக் கதையை அனுப்பியதும் அன்றிரவே அழைத்தார். "தோழர், இதை எங்க ஆளு ஒருத்தி எழுதியிருந்தா உக்காந்து அழுவேன். வெளியாள் எழுதியிருந்தா கிழிச்சுப் போடுவேன். யாருன்னு தெரியாம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தப்பி வந்த ஒருத்தியை மறுபடி பழைய உடம்புக்குள் நடக்கவைக்கும் காட்சி அது. அந்த வலியை அறிந்தவர் எழுதினால் அது சாட்சியம். அறியாதவர் எழுதினால், அடுத்தவர் காயத்தை எடுத்து அழகு பார்க்கும் வேலையாகிவிடலாம். அவர் சொன்னதன் நியாயம் எனக்கு அப்போதும் விளங்கியது, இப்போதும் விளங்குகிறது.

பதிப்பாளர் அண்ணாச்சிக்கு வேறு கவலை. "நாளைக்கு யாராச்சும் கூட்டம் போட்டுக் கேட்டா என்னம்மா பதில் சொல்லுவோம்? பேரைக்கூட வெளியில சொல்ல வேண்டாம், நமக்காச்சும் தெரிஞ்சிருக்கணும்லா" என்றார். கடைசி ஃபாரம் மட்டும் பாக்கி இருந்தது. புத்தகக் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுத்தாளரை அழைத்தேன். தயக்கத்தோடு எங்கள் நிலைமையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க கேட்டா சொல்லிடுறேன் மேடம். கேக்குறீங்களா?" என்றார். நான் அதிகம் யோசிக்கவில்லை. "வேண்டாம், விடுங்க. கதை போதும்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு "சரிங்க மேடம்" என்றார். பிழை திருத்திய படியை எப்போது அனுப்புவது என்று பேசிவிட்டு அழைப்பை முடித்துக்கொண்டோம். பெயர் மட்டும் தாங்கிய குறிப்போடு புத்தகம் வந்தது.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழில் ஐசபெல் ஃபால் என்ற பெயரில் ஓர் அறிவியல் புனைகதை வந்தது. திருநர்களைக் கேலி செய்ய இணையத்தில் புழங்கிவந்த ஒரு வாக்கியத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, பாலின அடையாளத்தை ராணுவம் ஆயுதமாக்கிக்கொள்ளும் எதிர்காலத்தைச் சொன்ன கதை அது. எழுத்தாளர் குறிப்பில் 1988இல் பிறந்தவர் என்பதைத் தவிர எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை வாசகர்கள் நிரப்பத் தொடங்கினார்கள். திருநர்களை வெறுக்கும் யாரோ வேடம் போட்டு எழுதியிருக்கிறார் என்றார்கள்; பிறந்த ஆண்டில் இருந்த 88 என்ற எண்ணை நாஜிகளின் குறியீடாகக்கூடப் படித்தார்கள். சந்தேகப்பட்டவர்களில் திருநர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் இருந்தார்கள். சந்தேகிப்பதற்கான அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. எழுதியவரோ, தன்னை இன்னும் வெளிப்படுத்திக்கொள்ளாத ஒரு திருநங்கை. அவருடைய வேண்டுகோளின்படி கதை திரும்பப் பெறப்பட்டது. அவர் திருநங்கை என்பதை இதழாசிரியர் நீல் கிளார்க் பொதுவில் சொல்ல நேர்ந்தது. ஃபால் மருத்துவமனையில் சேரும் நிலை வந்தது. 2021இல் அதே கதை வேறு தலைப்பில், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் நெடுங்கதைப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அந்த மதிப்பு அவருக்கு என்ன ஆறுதலைத் தந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடியவில்லை. அந்த நிகழ்வைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, ஒரு கதையை ஏற்பதற்கு விலையாக ஒருவருடைய அடையாளத்தைக் கேட்கக் கூடாது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். ஆகவே அன்று தொலைபேசியில் வந்த 'வேண்டாம்' அந்த நேரத்து உளறல் அல்ல. முன்பே எடுத்திருந்த நிலைப்பாடு.

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், அவர் சொன்ன வாக்கியத்தை மறுபடி மறுபடி கேட்டுப் பார்க்கும்போது வேறொன்றும் கேட்கிறது. ஃபாலிடம் கேட்டது ஒரு கூட்டம். எங்கள் எழுத்தாளரோ தானே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வருகிறீர்களா என்று கேட்டார். வற்புறுத்தலுக்குப் பணிகிற குரலா அது, அல்லது யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்த குரலா? முதலாவது என்றால் நான் சொன்னது சரி. இரண்டாவது என்றால், ஒருவர் வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னைப் பற்றிச் சொல்ல முன்வந்த நேரத்தில், மரியாதையின் பெயரால் நான் அவரைத் தடுத்திருக்கிறேன். அந்தச் சிறு இடைவெளியில் அவர் மூச்சு விட்டது நிம்மதியாலா, ஏமாற்றத்தாலா என்பதைத் தொலைபேசியில் எப்படி அறிவது? நேரில் சந்தித்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

மறைவு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் 1968 முதல் அறிவியல் புனைகதைகள் எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண். அந்த எழுத்தில் ஐயத்துக்கு இடமில்லாத ஆண் தன்மை இருப்பதாக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் ஒரு முன்னுரையில் எழுதினார். அடுத்த ஆண்டு ஷெல்டனின் தாய் இறந்தார். கடிதங்களில் டிப்ட்ரீ சொல்லியிருந்த விவரங்களை மரணச் செய்தியோடு ஒப்பிட்டு வாசகர்கள் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பெண்கள்மீது தனக்கிருந்த ஈர்ப்பைப் பற்றி அவர் தனிப்பட்ட முறையில் எழுதியவை 2006இல் வந்த வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவலாகத் தெரியவந்தன. டிப்ட்ரீ என்ற பெயர் அவரை மறைத்தது என்பதைவிட, அவரால் வேறெங்கும் பேச முடியாததைப் பேசவைத்தது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெயரை இழந்த பிறகு எழுதுவது அவருக்குக் கடினமாயிற்று. அதே காலத்தில் தன்பாலீர்ப்புள்ள சாமுவேல் டிலேனி, ஜோயன்னா ரஸ் போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே எழுதி, அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருதும் பெற்றார்கள். அவர்கள் திறந்து நின்றதால்தான் பின்னால் வந்த பலருக்கு வழி கிடைத்தது. ஆக, மறைந்து எழுதியவரும் வேண்டும், வெளியில் நின்று எழுதியவரும் வேண்டும். எங்கள் எழுத்தாளர் எந்தப் பக்கம் போக விரும்பினார் என்பதை நான் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் இங்கேதான் வந்து நிற்கிறது.

வெளியாள் எழுதினால் கிழிப்பேன் என்று தோழர் சொன்னதையும் நான் முழுவதுமாக ஏற்கவில்லை. தன்பாலீர்ப்பைப் பரிவோடு சொன்ன தொடக்ககால அறிவியல் புனைகதைகளில் ஒன்றைத் தியடோர் ஸ்டர்ஜன் 1953இல் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை, தன்பாலீர்ப்புள்ளவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. அந்தச் சூழலில் ஒருவர் அப்படி எழுதுவதற்கு என்ன தேவைப்பட்டிருக்கும்! உர்சுலா லெ குவின் 1969இல் நிலையான பாலினமே இல்லாத மனிதர்களின் கோளை ஒரு நாவலில் படைத்தார். அவர்களையும் ஆண் பெண் உறவுக்குள்ளேயே தேவையில்லாமல் அடைத்துவிட்டதாகப் பிற்காலத்தில், அந்த நாவலைப் பற்றிய தன் கட்டுரையைத் திருத்தி எழுதியபோது ஒப்புக்கொண்டார். 1995இல் அதே கோளுக்குத் திரும்பிப்போய், அந்தக் குறை தீர இன்னொரு கதையும் எழுதினார். துணை நிற்பவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன். விமர்சித்தவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கால் நூற்றாண்டு கழித்தாவது தன் படைப்பிலேயே பதில் சொன்னார்.

இதை எழுதும்போதே, லெ குவின் கேட்டார், நான் கேட்கவில்லை என்ற நினைப்பும் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் மாதம் தன்பாலீர்ப்பு இணையர் ஒருவருக்குப் பாதுகாப்பு அளித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது, ஒரு பதிப்பாசிரியர் கேட்காமலிருப்பதைப் பெருமையாக எப்படிச் சொல்வது? ஆனால் அவர் கேட்டது ஒரு துறை அறிஞரிடம். வழக்காடியவரைக் கூண்டில் ஏற்றி, நீ உண்மையாகவே அப்படித்தானா என்று கேட்கவில்லை. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முடிவின் பக்கம் என்னை உறுதியாக நிறுத்துவது இதுதான். தமிழ்ப் பதிப்புலகம் திருநங்கையருக்கு வழிவிட்டபோது அவர்களிடம் முதலில் கேட்டது வாழ்க்கைக் கதையை. 2004இல் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகியவை வராமல் இருந்திருந்தால் இன்று நாங்கள் பேசும் எதுவும் பேசப்பட்டிருக்காது. அந்த நூல்களுக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்: வீட்டைவிட்டு எப்போது வந்தீர்கள், யார் அடித்தார்கள், அறுவை சிகிச்சை எங்கே நடந்தது. ஒருவர் இதையெல்லாம் விட்டுவிட்டு, கடல் கொண்ட நகரத்தையும் நடையை அளக்கும் எந்திரத்தையும் கற்பனை செய்து கொண்டுவந்து கொடுக்கும்போது, அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இருக்கட்டும், உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள் என்பது எப்படிப்பட்ட செயல்? அந்தக் கதையில் வரும் எந்திரம் செய்வதும் அதைத்தானே. பதிவில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும் என்கிறது அது. நான் அந்த எந்திரமாக இருக்க விரும்பவில்லை.

புத்தகம் வந்த பிறகு ஒரு விமர்சனக் கூட்டத்தில், உள்ளிருந்து எழுதப்பட்டால் மட்டுமே இப்படிப்பட்ட கதை சாத்தியம் என்று ஒருவர் உணர்ச்சியோடு பேசினார். அதே மேடையில் இன்னொருவர், இது வெளியிலிருந்து பார்க்கும் கண் என்று அதே உறுதியோடு மறுத்தார். இருவரும் கதையிலிருந்து வரிகளைக் காட்டினார்கள். மொட்டைமாடிக் காட்சியை இருவருமே சான்றாகச் சொன்னார்கள். ஆனால் அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கையின் பழைய நடையை அவள் இத்தனை ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தது அன்பாலா, அல்லது பழைய ஆளையே அவள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று கதை நம்மைக் கேட்கிறது. எழுதியவர் யார் என்ற கேள்வி பெரிதாக எழுந்துவிட்டதால் இந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். யார் என்று குறிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் அன்றைய கூட்டம் அக்காவைப் பற்றிப் பேசியிருக்குமோ என்றும் தோன்றியது. அப்படியானால் நான் காப்பாற்ற நினைத்த கதைக்கே என் முடிவு குறுக்கே வந்திருக்கிறது.

தோழர் இன்றுவரை அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது படிக்கப்படாத கதை. யாரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு. எழுதியவருக்கு நான் கொடுத்த பாதுகாப்பில் ஒரு பகுதியை அவரிடமிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். "தெரியும் தோழர்" என்றார்.

அடுத்த தொகுப்புக்கு அந்த எழுத்தாளர் கதை எதுவும் அனுப்பவில்லை. அதற்கு நேரமின்மை, வேலை, உடல்நலம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். சென்ற வாரம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். புதிய கதை இருந்தால் அனுப்பும்படி கேட்டு, அவர் எதைப் பற்றிப் பேச விரும்பினாலும் அதற்கென்று நேரம் ஒதுக்கிக் காத்திருப்பேன் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். அனுப்புவதற்கு முன் தோழரிடம் காட்டினேன். கடைசி வரியைப் படித்துவிட்டு, "இப்ப கேட்டுட்டீங்க" என்றார். இது கேட்டதாகாது என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வரியை எடுக்காமலே அனுப்பினேன்.