சிமுலேட்டரும் காங்கேயத்துக் கொறங்காடும்

ரிமோட்டில் பறக்கும் ரேடியோ விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் தம்பிகள் பலர், கணினித் திரையில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் பழகினால் போதாதா என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் பழகட்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறி விரல் தடுமாறும். அப்போது தாழ்கிற இறக்கையின் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டும் என்பதை, எத்தனை முறை விழுந்தாலும் காசு கேட்காமல் எனக்குக் கற்றுத் தந்தது சிமுலேட்டர்தான்.

ஆனால் என் முதல் நிஜ விமானம், ஓர் ஆடி மாதத்து மாலையில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் மாமாவின் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று சீறிக்கொண்டிருந்தது. "காத்து அடங்கட்டும் கண்ணு, நாளைக்கு விடியக்காலம் பாத்துக்கலாம்" என்று மாமா சொன்னதை நான் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். விமானம் காற்றுக்குள் மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கிறது, காற்று 25 கிலோமீட்டரில் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து அதன் வேகம் வெறும் 15. திரும்பிக் காற்றோடு போகும்போது 65. இறக்கைக்குத் தெரிவது எப்போதும் அந்த 40 மட்டுமே, ஆனால் நம் கண் பார்ப்பது தரையைத்தான். விமானம் தலைதெறிக்க ஓடுவதாக நினைத்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நான் குறைத்தேன். இறக்கையைத் தாங்கப் போதிய காற்றோட்டம் இல்லாமல் ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, இடது இறக்கை சாய்ந்து, கிளுவை வேலிக்குள் மூக்குக் குத்தியது.

சிமுலேட்டரிலும் காற்றைக் கூட்டி வைக்கலாம். நான் வைத்ததில்லை என்பது என் தவறு. என்றாலும், திரை விமானத்தை எப்போதும் நடுவில் வைத்துக் காட்டுகிறது. காட்டிலோ அது தொலைவு போகப் போகக் கருநிழலாகச் சுருங்கி, வருகிறதா போகிறதா என்றே தெரியாமல் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நெஞ்சு அடிக்கிற அடியை எந்தத் திரையும் தருவதில்லை.

பறப்பதற்கு முந்தைய வேலையும் திரையில் கிடையாது. அங்கே விமானம் எப்போதும் சரியாகப் பூட்டப்பட்டே இருக்கும். உடைந்த மூக்கை ஒட்டிய பிறகு, இறக்கையைக் கையில் தாங்கிக் குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். மேலே எழ வேண்டிய வலது அய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு, கீழே இறங்கியது. ரிப்பேரின்போது, அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் ஒயர்களை மாற்றிச் செருகியிருக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் எழும்பிய சில நொடிகளிலேயே மறுபடி தரைக்கு வந்திருக்கும். எடைமையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் நடுவில் விழுகிறதா என்று இரு விரல்நுனிகளில் தூக்கிப் பார்ப்பதையும் அன்றுதான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போது ஆடி முடியும்வரை விடியற்காலையில் மட்டுமே பறக்கவிடுகிறேன். இரவில் சிமுலேட்டரில் காற்றை 25-க்கு ஏற்றி, காற்றோடு திரும்பும் வளைவை மட்டும் மீண்டும் மீண்டும் போடுகிறேன். இடது கட்டைவிரல் இன்னமும் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறது.