ரிப்போர்ட் சர்வர் அப்டேட் பாதியில் நின்றபோது: சேலம் ஜவ்வரிசி ஆலையில் நாங்கள் பட்ட பாடு

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்க்யூஎல் சர்வருக்கு (கணக்கு விவரங்களைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருள்) போட்ட அப்டேட் பாதியில் நின்று, ரிப்போர்ட் பக்கம் திறக்காமல் போனால், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா போட்டுடலாம் சார்" என்று போனில் யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். சரி என்று விட்டிருந்தால் இந்த சீசன் கணக்கு மொத்தமும் சந்தி சிரித்திருக்கும்.

எங்கள் ஆலை ஆத்தூர் ரோட்டில் இருக்கிறது, சர்வர் லீ பஜார் பக்கத்து ஆபீஸில். எஸ்க்யூஎல் சர்வர் 2016, சர்வீஸ் பேக் 3. அதிலுள்ள விவரங்களை ரிப்போர்ட்டாக எடுத்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸும் அதே மெஷினில்தான். எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு கிழங்கு லாரியின் எடையும் மாவுச்சத்து பாயிண்டும் இதில் பதிவாகும். காலை ஆறு மணிக்கு விவசாயிகள் பட்டுவாடா ரிப்போர்ட் தானாக மெயிலில் போய்விடும், கேஷியர் அதைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய பிறகு தாங்காது, ஓரிரு நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் சர்வர் படுத்துவிட்டது என்று லாரியை நிறுத்தி வைக்க முடியாது.

சனிக்கிழமை இரவு ஆலை ஓய்ந்த பிறகு பேக்கப் எடுத்து, பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டோம். ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கு நேரே பச்சை டிக். டேட்டாபேஸ்களைத் திறந்து நடத்தும் டேட்டாபேஸ் என்ஜினுக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி. கீழே ஒரு வரி: 'வெயிட் ஆன் தி டேட்டாபேஸ் என்ஜின் ரெகவரி ஹேண்டில் ஃபெயில்டு.' என்ஜின் ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஆகி உடனே நின்றுவிடுகிறது. பிரவுசரில் ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால், ரிப்போர்ட் சர்வரால் தன் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று வருகிறது.

கவனிக்க வேண்டியது இந்தப் பிழைச் செய்தியைத்தான். ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் தனக்கென்று ரிப்போர்ட்சர்வர், ரிப்போர்ட்சர்வர் டெம்ப்டிபி என்று இரண்டு டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. ரிப்போர்ட் டிசைன், யாருக்கு எப்போது மெயில் போக வேண்டும் என்ற சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த இரண்டையும் நடத்துவது அதே என்ஜின்தான், அது படுத்தால் ரிப்போர்ட்டிங் சர்வீசஸும் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். அதற்கு ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இதைத்தான் சப்போர்ட் கம்பெனிக்காரருக்குப் புரியவைக்க முடியவில்லை. வருடா வருடம் பராமரிப்புப் பணம் வாங்குகிற கம்பெனி, பெயர் வேண்டாம். ஞாயிறு காலை ரிமோட்டில் உள்ளே வந்தார். ரிப்போர்ட் பக்கத்தைப் பார்த்தார். என்ஜின் லாக்கைத் திறந்து கடைசி வரியை மட்டும் பார்த்தார். அதில் பிழை எண் 3417: மாஸ்டர் டேட்டாபேஸை (சர்வரின் சொந்த விவரங்கள் இருக்கும் மூல டேட்டாபேஸ்) மீட்க முடியவில்லை, பேக்கப்பிலிருந்து மீட்டெடு, ரிப்பேர் செய் அல்லது ரீபில்ட் செய். உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "மாஸ்டர் போச்சு சார். ரீபில்ட் பண்ணி, ரிப்போர்ட்டிங்கையும் புதுசா போட்டுடறேன்."

ரீபில்ட் என்றால் மாஸ்டரோடு, ஜாப் விவரங்கள் இருக்கும் எம்எஸ்டிபி டேட்டாபேஸும் புதிதாகிவிடும். லாகின்கள் போகும், நேரத்துக்குத் தானாக ஓடும் ஏஜென்ட் ஜாப்கள் போகும். ரிப்போர்ட்டிங்கைப் புதிதாகப் போட்டுப் பழைய டேட்டாபேஸோடு இணைக்க, உள்ளே பூட்டி வைத்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் என்கிரிப்ஷன் கீ வேண்டும். அது இல்லாவிட்டால், சேமித்து வைத்த டேட்டா சோர்ஸ் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி உட்கார்ந்து போட வேண்டும், அதுவரை சப்ஸ்கிரிப்ஷன்களும் ஓடாது. "கீ பேக்கப் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். "இன்ஸ்டால் பண்ணப்பவே உங்க மேனேஜர்கிட்ட குடுத்தாச்சு, கையெழுத்தும் இருக்கு" என்றார். கீ கைக்கு வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த மேனேஜர் ஓய்வு பெற்று ஏற்காட்டில் இருக்கிறார். கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் டூரிஸ்ட் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன, மேலே போகப் போகப் பனிமூட்டம் வேறு. ஒண்டிக்கடை தாண்டி அவர் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் போனில் சிக்னலும் போய்விட்டது. மனுஷர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பீரோவிலிருந்து பழுப்புக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ், கம்பெனியின் ஒப்படைப்புப் படிவம் ஒன்று. படிவத்தில் 'கீ ஃபைல்' என்ற கட்டத்தில் டிக். 'பாஸ்வேர்டு' என்ற கட்டத்தில், 'வாடிக்கையாளரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே இவருடைய கையெழுத்து.

"பாஸ்வேர்டு என்னங்க ஐயா சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலையே தம்பி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்னு அந்தப் பையன் சொன்னான், போட்டேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குப் பேரேட்டில் வாழ்நாளெல்லாம் ஒரு பைசா பிசகாமல் பார்த்த மனுஷர் அவர். பாஸ்வேர்டு இல்லாமல் அந்தக் கீ ஃபைலைத் திரும்ப ஏற்றவே முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியது கொடுத்தவர்களின் கடமை. போய் வந்தது வீண். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார் அவர் வீட்டு அம்மா, அதற்குக்கூட உட்காராமல் இறங்கினேன்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை இது. ரிப்போர்ட் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து என்கிரிப்ஷன் கீயை நீங்களே பேக்கப் எடுங்கள். பாஸ்வேர்டை நீங்களே வைத்து, ஃபைல் ஒரு இடத்திலும் பாஸ்வேர்டு இன்னொரு இடத்திலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. சர்வர் படுத்த பிறகு எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது.

ஆபீஸுக்கு வந்ததும் ரிமோட்டைத் துண்டித்தேன். என்ஜின் நின்றிருந்த நிலையிலேயே எல்லா டேட்டாபேஸ் ஃபைல்களையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். பிறகு என்ஜினின் எர்ரர்லாக் ஃபைலை நோட்பேடில் திறந்து கீழிருந்து மேலே படித்தேன். 3417க்குக் கொஞ்சம் மேலே 912: மாஸ்டர் டேட்டாபேஸுக்கான ஸ்கிரிப்ட் அப்கிரேடு தோல்வி, எம்எஸ்டிபி அப்கிரேடு ஸ்கிரிப்டில் பிழை. அதற்கும் மேலே, யாரும் கண்டுகொள்ளாமல், 5133. ஏஜென்ட் சைனிங் சர்டிபிகேட்டுக்கான தற்காலிக டேட்டாபேஸ் ஃபைலை இ டிரைவில் உருவாக்கப் போனேன், அந்தப் பாதையே இல்லை என்று சொல்கிறது.

எங்கள் சர்வரில் இ டிரைவே கிடையாது. முன்பு இருந்தது. இதே சப்போர்ட் கம்பெனி பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டபோது, டேட்டாபேஸ் ஃபைல்களையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றினார்கள். புதிய டேட்டாபேஸ் எங்கே உருவாக வேண்டும் என்ற டீஃபால்ட் பாதையை மட்டும் இ டிரைவிலேயே விட்டுவிட்டார்கள். நாங்கள் புதிதாக டேட்டாபேஸ் எதுவும் உருவாக்குவதில்லை, அதனால் இத்தனை காலமும் அது வெளியே தெரியவில்லை. அப்டேட் போட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது அப்கிரேடு ஸ்கிரிப்ட் ஓடும். அது ஒரு தற்காலிக டேட்டாபேஸை டீஃபால்ட் பாதையில் உருவாக்கி, வேலை முடிந்ததும் நீக்கும். பாதை இல்லை, ஸ்கிரிப்ட் விழுந்தது, என்ஜின் நின்றது. மாஸ்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த வரியைப் படித்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

சரிசெய்யும் வேலை சுருக்கமானதுதான். எஸ்க்யூஎல் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் என்ஜினின் ஸ்டார்ட்அப் பாராமீட்டரில் ட்ரேஸ் ஃப்ளாக் 902 என்ற சுவிட்சைச் சேர்த்தோம். அது அப்கிரேடு ஸ்கிரிப்டை ஓட விடாமல் தாண்டிப் போகச் சொல்லும். என்ஜின் எழுந்தது, ரிப்போர்ட் பக்கமும் திறந்தது. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் நான் செய்தது என்கிரிப்ஷன் கீயை பேக்கப் எடுத்ததுதான், இந்த முறை எங்கள் பாஸ்வேர்டில். பிறகு மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ், டேட்டாபேஸ் செட்டிங்ஸ் போய், டேட்டா, லாக் இரண்டின் டீஃபால்ட் பாதையையும் டி டிரைவுக்கு மாற்றினோம். அந்த ஃபோல்டரில் எழுத என்ஜினின் சர்வீஸ் அக்கவுன்டுக்கு உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இதே இடத்தில் மறுபடி விழும்.

902 போட்டதும் ரிப்போர்ட் திறக்கிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அது பாதி அப்கிரேடு ஆன சர்வர். ஃப்ளாக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால்தான் ஸ்கிரிப்ட் ஓடி முடியும். அப்போது உள்ளே நுழையப் பார்த்தால், சர்வர் ஸ்கிரிப்ட் அப்கிரேடு நிலையில் இருக்கிறது, அட்மினிஸ்ட்ரேட்டர் மட்டுமே இணையலாம் என்று 18401 பிழை வரும். பதறிப்போய் சர்வீஸை நிறுத்த வேண்டாம். எர்ரர்லாக்கில் ரெகவரி முடிந்தது என்ற வரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வந்தது. அப்டேட்டை மறுபடி ஓட்டினோம், இரண்டு வரிக்கும் பச்சை டிக்.

இதோடு முடிந்தது என்றுதான் வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை ஆறு மணி தாண்டியும் பட்டுவாடா ரிப்போர்ட் யாருக்கும் வரவில்லை. பிரவுசரில் திறந்தால் ரிப்போர்ட் வருகிறது, மெயிலில் மட்டும் போகவில்லை. எடை மேடையிலிருந்து போன். பின்னாலேயே ஒரு விவசாயியின் குரல் கேட்கிறது: "ஏனுங்க, பில்லு எப்ப வருமுங்க? வாழப்பாடி பஸ்ஸப் புடிக்கணுமுங்க."

சப்ஸ்கிரிப்ஷன்களை நேரத்துக்கு எழுப்பிவிடுவது எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட். என்ஜின் நின்றபோது அதுவும் நின்றிருக்கிறது, பிறகு அதை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டார்ட் செய்தாலும் தவறிப்போன ஆறு மணி தானாகத் திரும்ப வராது, ஜாப்பைக் கையால்தான் ஓட்ட வேண்டும். ஏஜென்டில் அந்த ஜாப்களுக்கு ரிப்போர்ட்டின் பெயர் இருக்காது, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம்தான் இருக்கும். ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸில் ரிப்போர்ட்ஷெட்யூல், கேட்டலாக் என்ற டேபிள்களை இணைத்துப் பார்த்தால் எந்த ஜாப் எந்த ரிப்போர்ட்டுக்கு என்று கிடைத்துவிடும். பட்டுவாடா ரிப்போர்ட்டின் ஜாப்பைத் தேடிப் பிடித்து ஓட்டினேன். எட்டு மணிக்கு முன்னால் கேஷியர் பணம் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்த ஜாப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து சர்வர் ரேக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன். டிஸ்க் மாற்றினால் டீஃபால்ட் பாதையைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சப்போர்ட் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. 2016க்கான நீட்டித்த சப்போர்ட் 2026 ஜூலை 14 வரைதான். 2025 பதிப்பிலிருந்து ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் புதிதாக வராது, அந்த இடத்துக்கு பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர்தான். அதற்கு மாறுவதாக இருந்தாலும் பழைய ரிப்போர்ட்களோடு இதே கீயும் பாஸ்வேர்டும் கூடவே போக வேண்டும். பாஸ்வேர்டு எழுதிய கவர் ஒன்று முதலாளியின் லாக்கரில் இருக்கிறது, இன்னொன்று ஆலை கேஷியரிடம்.