கிள்ளானிலிருந்து லங்காவி வரை: எஞ்சின் கணக்கு எழுதியவனின் நாட்குறிப்பு

நவம்பர் 15, 2024, வெள்ளி. கிள்ளான் துறைமுகம், இரவு 10.40

நாளை காலை 9 மணிக்குப் புறப்பாடு. 34 அடிப் பாய்மரப் படகு, நாங்கள் நான்கு பேர். படகு தவுக்கேயுடையது (சீன முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). வயது 68, கப்பல் எஞ்சின் பட்டறையிலேயே காலத்தை ஓட்டியவர், அவர் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் என்னைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் அவருடைய சீனமொழியான ஹொக்கியென். அப்புறம் என் மச்சான், அவர் மகள் பாப்பா (கல்லூரி இரண்டாம் ஆண்டு, வீட்டில் இன்னும் பாப்பாதான்), நான். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளிக் கணக்கு வாத்தியார். இதற்கு முன் பாய்மரப் படகில் ஏறியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சவாரிதான்.

இது பந்தயம் இல்லை. படகுகள் கூட்டமாகச் சேர்ந்து மலேசியாவின் மேற்குக் கரையோரமாகவே வடக்கே போகிற பயணம்: பங்கோர், பினாங்கு, லங்காவி. காற்று இல்லையென்றால் எஞ்சின் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எத்தனை நிமிஷம் ஓடியதென்று ஒரு தாளில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தகுந்தாற்போல் நம் நேரத்தில் தண்டனை கூடும். பார்க்க யாரும் வரப்போவதில்லை. தவுக்கே அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "வாத்தியாரே, கணக்கு உங்க வேலை" என்றார். வேறெதற்கும் லாயக்கில்லை என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

இன்று பௌர்ணமி. கிள்ளானில் பௌர்ணமியை ஒட்டி நீர் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். மத்தியானம் சாமான் ஏற்றும்போது நீர் முழுக்க வற்றி, மிதவைக்கு இறங்கும் பாலம் ஏணி மாதிரி செங்குத்தாகத் தொங்கியது. அரிசி மூட்டையோடு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். மாலையில் அதே பாலத்தில் பாப்பா சைக்கிளில் போகலாம் போல இருந்தது. தீபாவளி மிச்ச முறுக்கு இரண்டு டின் ஏற்றியாகிவிட்டது.

நவம்பர் 16, சனி. நங்கூரத்தில், மாலை 4.00

ஆமாம், நங்கூரத்தில்தான். பயணம் தொடங்கிய முதல் நாளே.

காலையில் ராஜ மரியாதையாகத்தான் கிளம்பினோம். நீர் வற்றுகிற நேரம், ஓட்டம் வடமேற்கே இழுத்தது, கரையிலிருந்து மெல்லிய காற்று. இடப்பக்கம் புலாவ் கெத்தாம் (மலாயில் புலாவ் என்றால் தீவு), வலப்பக்கம் காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். பிறந்து வளர்ந்தது எல்லாம் கிள்ளான், அந்தப் புகைபோக்கிகளைக் கடலிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஊரே இல்லாத மாதிரி, கரை முழுக்க அலையாத்திக் காடு, நடுவில் நாலு குழாய்.

12 மணிக்குப் புலாவ் அங்சா கலங்கரை விளக்கம் வந்தது. மலாயில் அங்சா என்றால் பெரிய வாத்து, நம் ஹம்சம்தான் இங்கே வந்து அங்சா ஆகியிருக்கிறது என்று பாப்பாவுக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று செத்துவிட்டது. கூடவே நீரும் திரும்பிவிட்டது. வாத்துத்தீவு எங்களுக்குப் பின்னால் போயிருந்ததா, அது மெதுவாகப் பக்கத்தில் வந்தது, அப்புறம் முன்னால் போய்விட்டது. பாய் விரித்திருக்கிறது, படகின் மூக்கு வடக்கே பார்க்கிறது, ஜிபிஎஸ்-இல் 1.4 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், திசை மட்டும் கிள்ளான். மச்சான் எஞ்சின் சாவியைப் பார்த்தார். தவுக்கே மச்சானைப் பார்த்தார். "முன்னால போக முடியலேன்னா நில்லு, அதுக்குத்தான் நங்கூரம் வச்சிருக்கு."

1.10-க்கு 22 மீட்டர் ஆழத்தில் சின்ன நங்கூரத்தை இறக்கினோம். சுற்றிலும் மற்ற படகுகளும் ஒவ்வொன்றாக அதையே செய்தன. நடுக்கடலில் கார் நிறுத்தும் இடம் மாதிரி. எஞ்சின் போட்டுப் போனவர்கள் இரண்டு பேர், பார்த்துக்கொண்டே முறுக்கு தின்றோம். தாளில் இதுவரை: 0.

நவம்பர் 17, ஞாயிறு. பங்கோர், இரவு 9.15

நீண்ட நாள். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நேற்று மாலை 5.45-க்கு நங்கூரம் எடுத்தோம் (கையால், 22 மீட்டர், மச்சானும் நானும், இடுப்பு போச்சு). இரவில் கரைக்காற்று நன்றாகவே வந்தது, சேற்று வாசனையும் எங்கேயோ எண்ணெய்ப்பனை ஆலை வாசனையும் கலந்து. நிலா வெளிச்சத்தில் வலைகளின் கொடி கூடத் தெரிந்தது.

4 மணிக்குக் காற்று பட்டென்று நின்றது. மேற்கே, நிலா இருந்த பக்கம், தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை வில் மாதிரி ஒரு கறுப்பு. தவுக்கே தூங்கிக்கொண்டிருந்தார், நான் எழுப்பவில்லை, குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டதுமே தானாக எழுந்து வந்து "சுமத்ரா" என்று ஒரு சொல் சொன்னார். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து விடியலுக்கு முன் கிளம்பி மலாக்கா நீரிணையைத் தாண்டி வருகிற சூறைக்காற்றுக்கு இங்கே அதுதான் பேர். பெரிய பாயைப் பாதிக்கு மேல் சுருக்கிக் கட்டினோம், முன்பாயைச் சுருட்டினோம். கடைசி முடிச்சைப் பாப்பா போட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தது. காற்றுமானியில் 38 நாட் பார்த்தேன், அதற்கப்புறம் மழையில் மானியே தெரியவில்லை. மழை பக்கவாட்டில் வந்தது. ஒரு மணி நேரம். பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, மச்சான் கந்த சஷ்டி கவசம் சொன்னது எனக்கும் கேட்டது, "காக்க காக்க" வரும் இடத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி. காற்று சுத்தமாக இல்லை, எல்லாரும் நனைந்திருக்கிறோம், பாட்டரியும் இறங்கிவிட்டது. தவுக்கேயே "போடு" என்றார். 6.50-க்கு எஞ்சின். 7.42-க்கு, பேராக் ஆற்று முகத்துக்கு வெளியே, எஞ்சின் ஒரு முக்கல் முக்கி நின்றது. வலை.

படகை உந்தும் விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை எடுக்க யாராவது இறங்க வேண்டும். நான்தான் முதலில் இறங்கினேன், மூச்சு பிடிக்கத் தெரியாது என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. "மாமா, நீங்க ஏறுங்க" என்றாள் பாப்பா. மச்சான் கூடாது என்றார், சொறி மீன் இருக்கும் என்றார், அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ரொட்டி வெட்டும் கத்தியோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். ரொட்டிக் கத்திதான் சரியாம், பல் இருப்பதால். பதினோரு முறை மூழ்கினாள். மேலே கொண்டுவந்த கயிற்றைப் பார்த்தேன்: பச்சை நைலான், சுழன்ற சூட்டில் உருகி, தண்டைச் சுற்றி வளையல் மாதிரி இறுகிய கட்டி, உள்ளே ஒரு சின்ன மீன் அப்படியே நசுங்கி. அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

வேலை முடியும்போது வலைக்குச் சொந்தக்காரர் வந்தார். வயதான மலாய்க்காரர், சின்ன ஃபைபர் படகு, கூட ஒரு பையன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். வெட்டுப்பட்ட வலையைக் கையில் வாங்கி, மிதவைகளை ஒவ்வொன்றாக எண்ணினார், திரும்ப ஒரு தடவை எண்ணினார். தவுக்கே ஒன்றும் பேசாமல் 150 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து நீட்டினார். பெரியவர் நூறை எடுத்துக்கொண்டு ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார், பழைய வலைதான் என்றார். பையனுக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தோம். ஒரு முனையில் கொடி இருந்தால் மறுமுனையில் படகு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒருபோதும் போகாதே என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். கொடியை நாங்கள் பார்த்தோம். படகைத்தான் தேடவில்லை.

தாளில்: 52 நிமிடம்.

நவம்பர் 18, திங்கள். பங்கோர்

ஓய்வு. துணி காயப்போட்டோம், படகு முழுக்கக் கொடி கட்டின மாதிரி இருக்கிறது. மச்சான் நேர்ந்துகொண்டதால் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனோம், கடலைப் பார்த்தபடி இருக்கிற கோயில், மாசி மகத்துக்கு இங்கே கூட்டம் தாங்காது, இன்று நாங்களும் ஒரு பூனையும் மட்டும். வரும் வழியில் நெத்திலியும் காய்ந்த சோத்தோங்கும் (கணவாய்) வாங்கினோம். படகுக்குள் இனி லங்காவி வரை அந்த வாசனைதான். டச்சுக்கோட்டைக்குப் போகவில்லை, கால் வலி.

நவம்பர் 20, புதன். பினாங்கு, பிற்பகல் 2.00

நேற்று மத்தியானம் பங்கோரை விட்டோம். இரவு 9.40 மணிக்கு, நிலா இன்னும் எழவில்லை, வலப்பக்கம் முன்னால் மூன்று வெள்ளை விளக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நான் ஏதோ கோபுரம் என்று நினைத்தேன். பாப்பா படித்து வைத்திருந்தாள்: மூன்று விளக்கு என்றால் இழுவைக்கப்பல், அதன் பின்முனையிலிருந்து இழுத்துவருவதன் கடைசி முனை வரை நீளம் 200 மீட்டருக்கு மேல். அப்படியென்றால் பின்னால் ஒரு பார்ஜ், இழுத்துக்கொண்டு போகிற சரக்குப் படகு, இருக்க வேண்டும். எங்கே? தேடித் தேடி, அகல் விளக்கு மாதிரி மங்கலாக ஒரு பச்சை, ரொம்பப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருட்டு, அந்த இருட்டில் தண்ணீருக்கடியில் இரும்புக் கயிறு. காற்று எங்களை நேராக அந்த இடைவெளிக்குள்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, அதுவும் விட்டு விட்டு வீசுகிற காற்று. பெரியவர் சொன்ன வலை விஷயம்தான், இது கொஞ்சம் பெரிய வலை.

தவுக்கே எஞ்சினைப் போட்டுப் படகைத் திருப்பினார். பார்ஜ் எங்களைத் தாண்டும்போது வீட்டுச் சுவர் நகர்ந்து போகிற மாதிரி இருந்தது, சத்தமே இல்லை. அப்புறம் எஞ்சினை அணைத்தார்.

தாளில் எழுதப் போனபோது மச்சான், "இது பாதுகாப்புக்காகப் போட்டது மாமா, இதையெல்லாமா எழுதுவாங்க" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்பது நிமிஷமாக இருந்தால் எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையே வந்திருக்காது, இவ்வளவு சின்னக் கணக்கில்தான் மனசு ஆடுகிறது. தவுக்கே சுக்கானில் இருந்தார், காதில் விழுந்திருக்கும், வாய் திறக்கவில்லை. 6 என்று எழுதினேன். பென்சிலில்.

காலையில் புலாவ் ரிமாவ் தாண்டி, இரண்டாவது பாலத்துக்கு அடியில் போனோம். எங்கள் பாய்மரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் இருக்கிறது, கணக்கு வாத்தியாருக்குத் தெரியும், இருந்தும் இடிக்கப்போகிறதென்றுதான் கண் சொல்கிறது. நான்கு பேரும் குனிந்தோம். தவுக்கே உட்பட.

பிறகு ஜெரஜாக் தீவு. என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், தோட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் இந்தத் தீவில்தான் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். "ஜெராஜா" என்பார், சின்ன வயதில் யாரோ ராஜாவின் பேர் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் அது சிறைச்சாலையாகவும் இருந்தது. தீவு எங்களுக்கு வெகு பக்கத்தில், பச்சையாக, கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு. படம் எடுக்கலாமென்று கைப்பேசியை எடுத்தேன், பாட்டரி இல்லை. பாப்பா எடுத்தாள், மங்கலாக வந்திருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி. லங்காவி, இரவு 11.00

வந்து சேர்ந்துவிட்டோம்.

விடியற்காலை 5 மணிக்குப் பினாங்கின் வடக்குக் கால்வாய் வழியாக வெளியே வந்தபோதே வடகிழக்கிலிருந்து வாடை எழுந்துவிட்டது. 15 நாட், ஏற்ற இறக்கமில்லாமல். இந்த ஒரு வாரத்தில் படகு படகாக ஓடிய ஒரே நாள் இன்றுதான். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று முப்பது வருஷம் பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கத்துவதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன், வாடை என் சட்டைக்குள் புகுந்தது இன்றுதான்.

காலை முழுக்க வலப்பக்கம் ஜெராய் மலை. 1,217 மீட்டர், கெடாவின் தட்டையான நெல்வயலுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிறது. கரை முழுக்க மறைந்த பிறகும் அது மட்டும் தெரிகிறது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் பாட்டுகளில் வரும் கடாரம். வங்கக் கடலைத் தாண்டி வந்த வணிகர்களும் 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்களும் இதைப் பார்த்துத்தான் கரை கண்டிருப்பார்கள், வேறு எதைப் பார்த்து வருவது, சுற்றிலும் எல்லாம் ஒரே மட்டம். தவுக்கேயிடம் சொன்னேன். "நல்லா தெரியுது இல்ல?" என்றார். அவ்வளவுதான். அவர் அதைப் பார்த்துத்தான் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார், ஜிபிஎஸ்-ஐ அணைத்துவைத்து ரொம்ப நேரமாகிவிட்டது.

புலாவ் பாயாவை 12 மணிக்குத் தாண்டினோம். மாலை 4.35-க்கு லங்காவியின் துறைமுக ஊரான குவா. மச்சான் கரையில் கால் வைத்ததும் ஆடினார், கரை ஆடுகிறது என்று சத்தியம் செய்தார்.

தாளைக் கொடுக்கும் மேசைக்கு முன்னால் வரிசை. தவுக்கே கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மேலிருந்து கீழே வாசித்தார். 52-இல் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலில் எழுதியிருந்த 6-இல் விரலை வைத்தார்.

"ஏழு" என்றார்.

"ஆறுன்னு நினைச்சேன் தவுக்கே."

"ஏழு. நான் வாட்ச் பார்த்தேன்."

மேசையில் இருந்த பேனாவை எடுத்து 6-ஐ அடித்து 7 எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மச்சான் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.